தலைமை கேட்போரே, கிளையைக் கேளுங்கள்!

கட்சியின் தலைமைப் பொறுப்பை எனக்குத் தாருங்கள் என்று ஒருவர் வாய்திறந்து கேட்டுவிட்டால் போதும், "பதவிப் பித்தர்!" என்று பழிதூற்றக் கிளம்பிவிடுகின்றனர், பல்லாண்டுகளாகப் பதவியிலேயே வீற்றிருப்போர். நல்ல வேடிக்கை! நாற்காலியில் அமர்ந்திருப்பது தொண்டாம். நாற்காலியைக் கேட்பது துரோகமாம்!

கேட்பது குற்றமன்று என்கிறோம் நாம். எதற்காகக் கேட்கிறார், எவரிடம் கேட்கிறார் என்பவையே வினாக்கள். சோர்ந்து கிடக்கும் கிளைகளுக்கு உயிரூட்டக் கேட்கிறார் எனில், அந்தக் கிளைகளிடமே கேட்கிறார் எனில், அவரைத் தூற்றுவோர் கட்சியின் வேருக்கு வெந்நீர் வார்ப்போரே ஆவர்.

வரலாறு என்ன சொல்கிறது? 1916-இல் பிறந்த நீதிக்கட்சி ஆற்றிய பணி அற்பமானதன்று. 1921-இல் வகுப்புவாரி உரிமைக்கு ஆணை கண்டது. பெண்டிரும் வாக்களிக்க வழி திறந்தது. ஆயினும் 1937 தேர்தலில், சட்டமன்றத்தின் 215 இடங்களுள் 159 காங்கிரசுக்குச் சென்றன. கட்சியின் தலைவராக விளங்கிய பொப்பிலி அரசர் பொப்பிலியிலேயே தோற்றார்! காரணங்கள் பல உண்டு. அவற்றுள் தலையாயது ஒன்று: சட்டம் மக்களுக்காக இருந்தது, கட்சியோ மக்களிடம் இல்லை. மாளிகையில் கூடிற்று, பட்டங்களால் பொலிந்தது. குடிசையின் கதவைத் தட்ட மறந்தது.

அத்தகைய கட்சிக்கு 1938-இல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார்? சீமானா? சர் பட்டம் சுமந்தவரா? இல்லை. இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறைப்பட்டிருந்த பெரியார்! பட்டிதொட்டியெல்லாம் சுற்றிப் பகுத்தறிவு பரப்பியவரைத் தேடித் தலைமை சென்றது.

பின்னர் 1944 ஆகஸ்டு 27. சேலம் மாநாடு. அரசு அளித்த பட்டங்களைத் துறந்திடுக, கௌரவப் பதவிகளை விட்டிடுக என்ற தீர்மானத்தை அண்ணா கொணர்ந்தார். நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆயிற்று. பட்டம் துறக்க மனமில்லாதோர் முணுமுணுத்தனர். ஒரு சாரார் பிரிந்து, பழைய பெயரிலேயே கட்சி நடத்திப் பார்த்தனர். சில ஆண்டுகளில் அது ஓய்ந்தது. மக்களை நோக்கி நடந்த பகுதியோ வளர்ந்தது.

1949-இல் இராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையிடையே தோன்றிய தி.மு.கழகத்துக்குச் செல்வமா இருந்தது? படிப்பகம் இருந்தது, அங்கே எழுத்தறிந்தவர் ஏடு படிக்க, எழுத்தறியாதார் சூழ்ந்து கேட்டனர். முடிதிருத்தும் நிலையமும் தேநீர்க்கடையும் அரசியல் பள்ளிகளாயின. 1956-இல் திருச்சி மாநாட்டில், தேர்தலில் ஈடுபடலாமா வேண்டாமா என்று தொண்டர்களிடமே கேட்டனர். பெட்டி வைத்து வாக்கெடுத்தனர். ஈடுபடுக என்றனர் பெரும்பாலோர். 1957-இல் களம் புகுந்த கழகம், பத்தே ஆண்டுகளில், 1967-இல், ஆட்சிப் பொறுப்பேற்றது. அண்ணா பொதுச்செயலாளர் பொறுப்பை நெடுஞ்செழியனிடம் ஒப்படைத்து, தலைமை என்பது பட்டா நிலமன்று எனவும் காட்டினார்.

இன்று முற்போக்கு பேசும் கட்சிகளில் கிளையின் நிலை என்ன? கொடி கட்டக் கிளை வேண்டும். கூட்டம் சேர்க்கக் கிளை வேண்டும். வாக்குச்சாவடியில் வெயிலில் நிற்கக் கிளை வேண்டும். வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும்போது மட்டும் கிளை வேண்டாம்! உழைப்பு அவனுக்கு, உரிமை மற்றவர்க்கு என்பது எந்த நீதி? வருணத்தை எதிர்த்துக் கிளம்பியோர், கட்சிக்குள்ளேயே மேல் கீழ் வகுக்கலாமா?

கிளையிடம் விட்டால் சாதியும் பணமும் புகுந்துவிடும் என்பர் சிலர். மேல்மாடியில் முடிவெடுக்கும்போது அவையிரண்டும் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனவோ? பலர் அறியப் புகும் தீமையைப் பலர் கூடித் தடுக்கலாம். திரைமறைவில் புகும் தீமையை எவர் தடுப்பார்? கட்டுப்பாடு கெடும் என்பர் வேறு சிலர். கட்டுப்பாடு வாய்ப்பூட்டு அன்று. பேசி முடிவெடுத்தபின் ஒன்றுபட்டு நிற்பதே கட்டுப்பாடு. பேசவே விடாதது அடிமைத்தளை.

ஆகவே, தலைமை கேட்டு வருவோரிடம் நாம் கேட்பவை இவை: கிளைத் தேர்தலைக் காலந்தவறாது நடத்துவீரா? வரவு செலவைக் கிளைக்கூட்டத்தில் படிப்பீரா? பூட்டிக் கிடக்கும் படிப்பகத்தைத் திறப்பீரா? சேரிக் கிளையின் செயலாளருக்கும் பெண் தோழர்க்கும் மேடையில் இடமும் முடிவில் பங்கும் தருவீரா? காலம் முடிந்ததும் இறங்குவீரா?

ஆம் என்போர் வருக! அவர்க்கு மாலை வேண்டாம்; வேலை தருவோம். தோழர்களே, சுவரொட்டியில் எவர் முகம் பெரிது என்று பார்த்து நிற்காதீர்! உம் கிளையின் உறுப்பினர் பட்டியலை எடுங்கள், கூட்டத்தைக் கூட்டுங்கள், கேளுங்கள்! கேட்கத் துணிந்த கிளையே கட்சிக்கு வேர். வேர் பற்றினால்தான் மரம் நிற்கும்.