மா: ஒலி ஒன்று, வேர் பல

தமிழின் தொன்மையை நிறுவப் புகுவார்க்கு ஆர்வம் வேண்டும். அதனினும் மிகுதியாகச் சான்று வேண்டும். 'மா' என்னும் ஓரெழுத்தொருமொழி ஒன்றே இதனை விளக்கப் போதும்.

தமிழில் மா ஒரு மரம்; விலங்கு; அரைத்த மாவு; இருபதில் ஒரு பங்கு. ஒலி ஒன்றாதலின் சொல்லும் ஒன்றே எனத் தொல்காப்பியர் கொண்டாரல்லர். மரத்தைக் குறிக்கும் மா, கோடு என்பதனொடு புணருங்கால் 'மாஅங்கோடு' என்றாகும். விலங்கைக் குறிக்கும் மா னகர ஒற்றுப் பெற்று 'மான்கோடு' என்றாகும். உயிர்மயங்கியல் இவ்விரண்டையும் பிரித்தே நெறி வகுக்கிறது. சொல்லை அதன் நடையால் அறிக, செவியால் அன்று என்பதே நம் முன்னோர் காட்டிய வழி.

பிற மொழிகளையும் காண்போம். வடமொழியில் மா விலக்குச்சொல். 'வேண்டா' என்பது பொருள். அரபியிலும் மா எதிர்மறை உணர்த்தும். ஒலியும் ஒத்துப் பொருளும் நெருங்கியும் இவ்விரண்டும் உறவல்ல. முன்னதற்குக் கிரேக்க 'மே' உறவு. பின்னது செமித்தியக் குடும்பத்தது. இத்தாலியத்தில் மா 'ஆனால்' எனப் பொருள்படும். அது இலத்தீன் 'மகிசு' தேய்ந்த வடிவம்.

சீனத்தில் ஒலியின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப மா என்பது தாய், சணல், குதிரை, ஏசுதல் எனப் பொருள் தரும். தமிழிலும் மா குதிரையைக் குறிக்குமாதலின், சீனக் குதிரை தமிழ்க் குதிரையே என முழங்க நம் அன்பர் சிலர்க்கு நாத் துடிக்கும். பொறுத்தல் நன்று. அச்சீனச் சொல்லின் பழவடிவில் மகரத்தை அடுத்து ரகரம் இருந்தது என்பது மொழிநூலார் மீட்டமைப்பு. பழம்பர்மியத்திலும் அது 'ம்ரங்' எனவே நிற்கிறது. உண்மை உறவாயின் பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்குதல் வேண்டும், இவையோ விலகுகின்றன. சொல் குறுகக் குறுகத் தற்செயல் ஒப்புமை பெருகும் என்பதை மறத்தலாகாது.

அவ்வாறாயின் நமக்குப் பெருமை இல்லையோ? உண்டு. மாமரம் கன்னடத்திலும் மலையாளத்திலும் மாவு, தெலுங்கில் மாமிடி, இஃது உடன்பிறப்பு. தமிழ் மாங்காய், மலையாள மாங்ங என்னும் தென்னாட்டுச் சொல்லே போர்த்துக்கீசியர் வாயில் மங்கா ஆகி, ஆங்கிலத்தில் மேங்கோ ஆயிற்று. 1498-இல் கோழிக்கோட்டிற் கரையேறியோர் கனியோடு பெயரையும் கொண்டனர். ஈண்டுப் பொருள் உண்டு, வழி உண்டு, இடைவடிவம் உண்டு. இஃது எவராலும் அசைக்கவொண்ணாச் சான்று.

1856-இல் வெளிவந்த கால்டுவெலின் ஒப்பிலக்கணம் நிலைத்தது எதனால்? மூவிடப்பெயர், எண்ணுப்பெயர், வேற்றுமையுருபு என மொழியின் எலும்புக்கூட்டையே ஒப்பிட்டதனால். ஒலியை மட்டும் நம்பி நாம் கூறும் ஒரு பொய்யுறவு, நாம் நிறுவிய பத்து மெய்யுறவுகளையும் மாற்றார் எள்ளுதற்கு வாயில் திறந்துவிடும். தமிழுக்குப் பொய்ப்புகழ் வேண்டா. மெய்ப்புகழே மிக உண்டு. மாணவர்க்கு அதனையே கற்பிப்போம்.