கடல்கட்டிகள்

எனக்குக் கண்ணில் புரை எடுத்து இரண்டு மாதமாகிறது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து பத்திரிகையும் புரூஃபும் வாசித்துக் காட்டுகிறாள். பி.காம். முடித்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். தகப்பனார் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர். தாத்தா முத்துக் குளித்தவர். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு, தோளில் பையோடு வாசலில் நின்றபடியே சொன்னாள்:

"பெரியப்பா, நாளைக்கு வர முடியாது. ஆபீஸ்ல கிளாஸ் வச்சிருக்காவ."

"ஞாயித்துக்கிழமையா? என்ன கிளாஸ் பிள்ள?"

"ஓய்வு எடுக்கது எப்படின்னு கிளாஸ்."

அவள் சிரிக்கவில்லை. வேடிக்கையென்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் கோபம் வந்ததற்கு அதுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம், அந்த வகுப்புக்கு வராதவர்கள் வராத காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

ஆபீஸின் பெயர் இங்கே வேண்டாம். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் எத்தனையோ கிளியரிங் ஆபீஸ்களில் அதுவும் ஒன்று. அவளுக்கு அங்கே 'இன்டர்ன்' என்று பெயர், ஆறு மாதம், மாதம் நாலாயிரம் ரூபாய். முடிவில் ஒரு சான்றிதழ் உண்டு. நிரந்தர வேலை உண்டா என்று கேட்டால் "பார்க்கலாம்" என்பது பதில். 'பயிற்சி' என்று சொல்கிறார்களே, அது என்ன பயிற்சி? ஷிப்பிங் பில்லைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். திருப்பூர் பனியனுக்கும் நிலவாகை இலைக்கும் சரக்குப் பட்டியல் சரிபார்க்கிறாள். கண்டெய்னர் எண்ணில் ஓர் எழுத்துப் பிசகினால் லாரி கேட்டில் நிற்கும். டிரைவர் இவளைத்தான் கூப்பிட்டுக் கத்துவார். கப்பல் கிளம்பும் முன் சரக்கு உள்ளே போக ஒரு கெடு உண்டு. கெடு இரவு பன்னிரண்டு என்றால் பதினொன்றே முக்கால்வரை போன் அவள் காதில் இருக்கிறது. முதல் மூன்று வாரம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாராம். நான்காவது வாரத்திலிருந்து அவர் வரவில்லை. அவருடைய மேஜையும் வேலையும் இவளுடையதாகிவிட்டன. இதற்குப் பெயர் பயிற்சி!

அடுத்த வாரம் வந்தபோது வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று விசாரித்தேன். கண்ணை மூடி, மூச்சை நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணி நிறுத்தி, நாலு எண்ணி விட வேண்டும். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனைத் தள்ளி வைத்துவிட வேண்டும். தினம் நன்றியோடு நினைக்க வேண்டிய மூன்று விஷயங்களை நோட்டில் எழுத வேண்டும். தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்தும் ஒரு சமாசாரத்தை எல்லோருடைய போனிலும் ஏற்றிக் கொடுத்தார்களாம். இதற்கெல்லாம் 'செல்ஃப் கேர்' என்று பெயர். அதாவது தன்னைத் தான் பேணிக்கொள்வது. போனைத் தள்ளி வைக்கச் சொன்ன அதே மானேஜர் அன்று இரவே ஒன்பதரைக்குக் கூப்பிட்டு, மறுநாள் சரக்கைப் பற்றிக் கேட்டாராம். "எடுத்தியா?" என்றேன். "எடுக்காம?" என்றாள்.

எனக்கு உடனே கடல்கட்டியின் ஞாபகம் வந்தது.

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கும் அந்த வார்த்தை இப்போது தெரியாது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இந்தக் கரையிலும் அக்கரை மன்னாரிலும் கடல்கட்டி என்று ஒரு பரம்பரை உத்தியோகஸ்தர் இருந்தார். சுறாமீனின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் வேலை. தோணிகள் போனதும் கரையில் நின்று முணுமுணுக்கத் தொடங்கி, அவை திரும்பும்வரை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். வெள்ளைக்காரச் சர்க்கார் அதற்கு ஊதியம் கொடுத்தது. மந்திரத்தில் துரைமார்களுக்கு நம்பிக்கை ஏற்பட்டுவிட்டதென்று எண்ண வேண்டாம். கடல்கட்டி இல்லையென்றால் குளிகாரர்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள்; இறங்காவிட்டால் முத்து இல்லை; முத்து இல்லாவிட்டால் வருமானம் இல்லை. துரைமார் போட்ட கணக்கு அவ்வளவுதான். சுறாவுக்குச் செலவழிப்பதைவிட மந்திரத்துக்குச் செலவழிப்பது மலிவு.

மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு ஒரு நாள் கூலி என்னவோ, நான் அறியேன். ஆனால் இன்னோர் ஆளை வேலைக்கு வைப்பதைவிட அது மலிவு என்பதைச் சொல்லப் பெரிய கணக்குப் பிள்ளை தேவையில்லை.

இது ஓர் ஆபீஸின் குற்றம் மட்டுமென்றால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 2024-ஆம் வருஷம் ஜூலை மாதம், புனே நகரில் ஒரு பெரிய கணக்காய்வு நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயதுக் கேரளப் பெண் இறந்து போனாள். ஓய்வில்லாத வேலைதான் தன் மகளைக் கொண்டு போயிற்று என்று தாயார் அந்த நிறுவனத்தின் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளிவந்து நாடு முழுவதும் பேசப்பட்டது. சில நாட்களில், சென்னையில் ஒரு கல்லூரி விழாவில் பேசிய மத்திய நிதியமைச்சர், வேலை நெருக்கடியைச் சமாளிக்கும் ஆத்ம பலத்தைக் குடும்பங்கள் பிள்ளைகளுக்குப் போதிக்க வேண்டும், அது தெய்வ நம்பிக்கையால்தான் வரும் என்ற கருத்தில் பேசினார். அந்தப் பெண்ணையோ பெற்றோரையோ தாம் குறை சொல்லவில்லை என்று பிறகு விளக்கமும் கொடுத்தார். அந்த விளக்கத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தாயார் வேலை நேரத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு, நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் ஆத்ம பலத்தைப் பற்றிப் பதில் வருகிறதே! கரையில் நின்று முணுமுணுத்தவரும் சுறாவைப் பற்றி வாய் திறக்காமலா இருந்தார்?

என்னை யாரும் தப்பாக எண்ண வேண்டாம். பிரார்த்தனைக்கும் தியானத்துக்கும் நான் விரோதியல்ல. விடியற்காலையில் பனிமயமாதா கோவில் பக்கமாக நடந்து போய்க் கடற்கரையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறவன்தான் நானும். மூச்சை எண்ணினால் படபடப்பு அடங்கும், அது பொய்யில்லை. வயசுப் பிள்ளைகள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், சிநேகிதர்களோடு கூடிப் பேச வேண்டும். தூங்குவதற்கு நேரம் கொடுக்காமல் தூங்குவது எப்படி என்று பாடம் நடத்துவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

இவளுடைய தாத்தாவோடு நான் நிறையப் பேசியிருக்கிறேன். இந்தக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகள்தான் கடைசி. அதில் மூன்று வருஷம் அவர் இறங்கியிருக்கிறார். அந்த முறையை அவர் சொல்லச் சொல்லக் கேட்க வேண்டும். ஒரு கல்லுக்கு இரண்டு ஆள். கல்லின் கனத்தில் ஒருவன் ஏழெட்டுப் பாகம் கீழே போய்ச் சிப்பி பொறுக்குவான். ஒரு நிமிஷம், சற்றுக் கூடவோ குறையவோ. சில முழுக்குக்குப் பின் அவன் ஏறிவிட, மற்றவன் இறங்குவான். ஏறியவன் தோணியில் சும்மா கிடப்பான். அந்தச் சும்மா கிடப்பது கூலியோடு சேர்ந்தது. அவனைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இரவில் கரைக்காற்றில் கிளம்பிய தோணிகள் சூரியன் உதித்த பின் வேலை தொடங்கும். நடுப்பகலில் சைகை வரும். எல்லாத் தோணியும் நிறுத்திவிட்டுக் கடற்காற்றில் திரும்ப வேண்டும். இன்னும் சிப்பி இருக்கிறதே, வெளிச்சம் இருக்கிறதே என்று எவனும் தொடர்ந்து முங்க முடியாது.

கீழே போனவனுடைய கயிறு மேலே இருப்பவன் கையில். அந்த இடத்தில் மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று இந்தப் பக்கத்தில் சொல்வது வழக்கம். தன் கூடப்பிறந்தவள் தாலியறுப்பதை அவன் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் அல்லவா? மூச்சு முட்டும்போது கீழே இருப்பவனுக்கு நிதானம் இராது. இன்னும் நாலு சிப்பி, இன்னும் நாலு சிப்பி என்றுதான் கை போகும் என்பார் தாத்தா. அதனால் அவனுடைய மூச்சைக் கணக்கிடுகிற பொறுப்பை அவனிடமே விடவில்லை. 'உன்னை நீயே பேணிக்கொள்' என்று சொல்லிக் கல்லைக் கட்டிக் கடலில் தள்ளியவர்கள் அல்ல அந்தக் காலத்து மனிதர்கள்.

முத்துக்குளிப்பு ஒன்றும் சொர்க்கமாக இருக்கவில்லை. காதில் ரத்தம் வழிந்திருக்கிறது. கரைக் கொட்டகைகளில் காலரா வந்து கூட்டம் கூட்டமாக அள்ளிப் போயிருக்கிறது. எடுத்த சிப்பியை மூன்று குவியலாகப் போட்டு இரண்டைச் சர்க்கார் வாரிக்கொண்டது. உயிரைக் கொடுத்தவனுக்கு ஒன்று. அப்படிப்பட்ட கொள்ளையில்கூட மூன்றில் ஒரு பங்கு உண்டு, மாற்று ஆள் உண்டு, நடுப்பகல் சைகை உண்டு. குளிரூட்டிய அறையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பட்டதாரிக்கு இந்த மூன்றில் எது இருக்கிறது?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கடைசி முத்துக்குளிப்பு நடந்த அதே 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. பழகுநர் தொழிலாளி அல்ல என்று 18-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. போனால் போகிறது, அதிகாரியின் அனுமதியில்லாமல் மிகை நேர வேலை வாங்கக் கூடாது என்று 15-ஆம் பிரிவில் ஒரு தடையாவது உண்டு. 2019-இல் திருத்திய விதியில் பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தது மாதம் 9000 ரூபாய் என்றார்கள். ஆனால் இவளோடு யாரும் அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதவில்லை. 'இன்டர்ன்' என்ற வார்த்தையே அந்தச் சட்டத்தில் கிடையாது. பெயரை மாற்றினால் போதும், வேலியிலே ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. 2024 பட்ஜெட்டில் மத்திய சர்க்காரே ஒரு திட்டம் அறிவித்தது: 500 பெரிய கம்பெனிகள், ஐந்து வருஷம், ஒரு கோடி இளைஞர்களுக்கு இன்டர்ன்ஷிப், மாதம் 5000 ரூபாய். ஐந்து வருஷம் முன்பு ஒன்பதாயிரம் என்று நிர்ணயித்த கைதான் இதையும் எழுதியது! பிரான்ஸ் தேசத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் நீளும் பயிற்சிக்கு உதவித்தொகை கொடுத்தே தீர வேண்டும். அந்த நாட்டு முதலாளிகள் எல்லாம் திவாலாகிவிட்டதாகத் தகவல் இல்லை.

"நாங்களும் அப்படித்தான் படி ஏறினோம்" என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் இருபத்திரண்டு வயதில் ஒரு பத்திரிகை ஆபீஸில் எட்டு மாதம் சம்பளமில்லாமல் புரூஃப் திருத்தினேன். 'பட்டினிதான் என்னை எழுத்தாளனாக்கியது' என்று மேடைகளில் பேசிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். சுத்தப் பொய். என்னை எழுத்தாளனாக்கியது, ராத்திரி தோறும் கணக்கில் எழுதிக்கொண்டு இட்லி போட்ட ஓர் ஆச்சி. அந்தப் பாக்கியை நான் முழுசாகத் தீர்க்கவும் இல்லை. பலசரக்குக் கடையில் சம்பளமில்லாமல் நின்று தொழில் பழகிய பையனுக்கும் மூன்று வேளைச் சோறும் படுக்க இடமும் தீபாவளிக்கு வேட்டியும் உண்டு. அண்ணாச்சி அடிக்கவும் செய்வார். பையனுக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியரைக் கூட்டி வருவதும் அவர்தான். இன்றைய அண்ணாச்சிகள் சோற்றையும் வைத்தியரையும் விட்டுவிட்டார்கள். காய்ச்சல் வந்தால் அது 'செல்ஃப் கேர்' செய்யாத பெண்ணின் குற்றம்.

இத்தனையும் எந்த ஊரில்? 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள், கூலி உயர்வும் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறையும் கேட்டு வெளியே வந்த ஊரில். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். மார்ச் முதல் வாரம் தாண்டுவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது: கூலியில் பாதி உயர்வு, நேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அதற்குச் சில நாட்களில் வ.உ.சி. கைதானார். அவர் ஜெயிலுக்குப் போவதற்கு முன் வாங்கிக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமையை, அவர் பெயர் வைத்த துறைமுகத்தின் நிழலில், ஓய்வெடுப்பது எப்படி என்ற பாடத்துக்காகப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

துறைமுகத்தில் வருஷத்துக்கு நாலு கோடி டன்னுக்கு மேல் சரக்கு ஏறி இறங்குகிறது. 2025 ஆகஸ்டில் சில்லாநத்தத்தில் வியட்நாம்காரர்களின் மின்சாரக் கார் ஆலை திறந்தாகிவிட்டது. விமான நிலையத்துக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. ஊரில் பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆகையால் ஆபீஸ் நடத்தும் கனவான்களிடம் நான் தர்மம் கேட்கவில்லை. ஓர் ஆளின் வேலையைச் செய்கிறவளுக்கு ஓர் ஆளின் சம்பளம் கொடுங்கள். கப்பலின் கெடு நடு இரவு என்றால் இரவுக்கு வேறு ஆளைப் போடுங்கள். ஒரு கல்லுக்கு இரண்டு ஆள். ஏழு மணிக்கு மேல் போன் செய்யாதீர்கள். கற்றுக் கொடுக்க ஆள் இல்லையென்றால் பயிற்சி என்ற பெயரை எடுத்துவிடுங்கள். மூச்சு விடுவதற்கு இந்தக் கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

இந்தப் பகுதியை நான் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்க அவள்தான் வருவதாக இருந்தது. மணி ஒன்பதே முக்கால் ஆகிவிட்டதால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நானே எழுதுகிறேன். அவளுடைய தாயார் இரண்டு தடவை வாசலுக்கு வந்து தெருமுனையைப் பார்த்துவிட்டுப் போனாள். இப்போது மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறாள்.