இயந்திரம் படிக்கும் குறிப்பை யார் எழுதுவது?

வலைத்தளமொன்றை எத்தனை பேர், எப்பொழுது, எந்தப் பக்கத்தில் பார்த்தனர் என்று கணக்கெடுக்கும் கருவிகள் புதியன அல்ல. அக்கணக்கை மனிதருக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவு முகவர் நிரலொன்று கேட்டுப் பெற்று, தானே விடை தொகுத்துத் தருவதுதான் புதிது. இதற்கென ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டது. 2025-இல் கூகுள் நிறுவனம், தன் அனலிட்டிக்ஸ் கணக்கை அந்நெறிமுறை வழியே வினவும் கருவியை அளித்தது. ஒவ்வொரு கருவியும் தன் பணி யாது, தனக்குத் தரவேண்டிய விவரங்கள் யாவை என்பதைச் சில வரிகளில் கூறும். முகவர் நிரல் அவ்வரிகளைப் படித்தே கருவியைக் கையாளும். அவ்வரிகளை எழுதுவதைக் கடைசி நாளில் முடிக்கும் சில்லறை வேலையாகக் கருதலாகாது என்பது என் கருத்து.

ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் பணியை நோக்குவோம். (கடலில்லாத ஊரில் கடல் மையமா என வியப்போர் உளர், செயற்கைக்கோளுக்குக் கரை வேண்டுவதில்லை.) கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் பச்சைய அளவையும் கொண்டு, மீன் கிடைக்கக்கூடிய இடங்களை அம்மையம் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அறிவித்து வருகிறது. இத்தகைய பக்கமொன்றின் வருகைக் கணக்கு முகவர் நிரலிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளதாகவும், 'தமிழ் அறிவிப்பை எத்தனை மீனவர் பயன்படுத்தினர்?' என்று மேலதிகாரி வினவுவதாகவும் கொள்வோம்.

கருவியில் 'பயனர்' என்றொரு தலைப்பு இருக்கும். நிரல் மீனவரை அதனோடு பொருத்தி ஓர் எண்ணைத் தயக்கமின்றி உரைத்துவிடும். ஆனால் வழக்கமான அமைப்பில் அத்தலைப்பு எண்ணுவது ஆளையன்று. உலாவியில் இடப்பட்ட குக்கி என்னும் அடையாளத்தையே. மீன் இறங்குதளத்தில் ஒருவர் தம் கைபேசியில் பார்த்து இருபது படகுக்காரருக்குச் சொன்னால் கணக்கு ஒன்று. அவரே மாலையில் வேறொரு கணினியில் பார்த்தால் இரண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரே கணினியில் 40 மாணவர் ஒருவர்பின் ஒருவராகப் பார்த்தாலும் பயனர் ஒருவரே. இவ்வெண்ணை நம்பி, தமிழ் அறிவிப்புக்குத் தேவை குறைவு என்று எவரேனும் முடிவு செய்தால், இழப்பு கரையிலிருப்போருக்கு.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர் ஒன்றை ஒப்புவர்: 'பயனர்' என்னும் சொல்லே பாதிக் குழப்பத்தை விளைவிக்கிறது. 'அர்' விகுதி கேட்டவுடன் ஆளைத்தான் நினைப்போம். 'உலாவி எண்ணிக்கை' அழகற்ற தொடர்தான். எனினும் பொய் சொல்லாது.

காலமும் இடர் தருவது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்நாட்களில் இவ்வறிவிப்பு வெளிவருவதில்லை. குறிப்பில் இச்செய்தி இல்லையேல், மே மாத வீழ்ச்சியை மக்களின் ஆர்வக் குறைவு என்று நிரல் எழுதிவிடக்கூடும். கணக்கு உலகப் பொது நேரப்படி அமைந்திருப்பின், நமக்குக் காலை 5.30 மணிக்கே புதுநாள் பிறக்கும். விடியுமுன் கடலுக்குப் புறப்படுவோர் பார்த்ததெல்லாம் முந்திய நாளில் சேர்ந்துவிடும். மேலும், வருகை மிகக் குறைந்த வரிகளைத் தனிமனிதரின் அடையாளம் வெளிப்படாதிருக்க வேண்டிக் கூகுள் மறைப்பதுண்டு. சிற்றூர் ஒன்றுக்கு வரி இல்லாமை வேறு, வருகை சுழியம் என்பது வேறு.

இக்குறிப்பின்றியே இதுகாறும் வேலை நடந்ததே எனலாம். நடந்தது உண்மை, ஐயம் எழுந்தால் எழுத்தர் பக்கத்து மேசையில் கேட்டறிந்தார். நிரலுக்குப் பக்கத்து மேசை இல்லை. எழுதி வைத்ததே அதன் அறிவு. அதற்காகப் பெரும் புத்தகம் எழுதுவதும் பயன் தராது. நீண்ட குறிப்பில் முக்கியமானது அமிழ்ந்துவிடும். கருவி எதனைச் சொல்ல இயலாது என்பதே முதல் வரியாக நிற்கட்டும்: 'இது ஆட்களை எண்ணாது, மீனவர் தொகையை இதனால் அறிய இயலாது.' அடுத்து நேரக் கணக்கு; பின்னர் அறிவிப்பு நின்றிருக்கும் காலம்.

கைபேசி ஒன்றை இருபது படகு பகிர்ந்துகொள்வது நிரல் எழுதும் பொறியாளருக்குத் தெரிய வழியில்லை; களப்பணியாளருக்கும் கரையோரப் பள்ளி ஆசிரியருக்கும் தெரியும். ஆகவே குறிப்பின் முன்வரைவு வெளியாகுமுன் அவர்களிடம் அனுப்பப்பட வேண்டும். எந்த இறங்குதளத்தில் அறிவிப்புப் பலகை உள்ளது, எங்கே ஒருவர் படித்துப் பலருக்குச் சொல்கிறார் என்பதை அவர்கள் இரண்டு மூன்று வரிகளில் எழுதித் தந்தாற் போதும். ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்பதில்லை; பெயர்த்தெழுத எங்களைப் போன்றோர் இருக்கிறோம்.