குடும்பப் பக்கம்: காசையும் சேமிப்போம், மூச்சையும் காப்போம்



போகிப் பண்டிகை நெருங்கிவிட்டது. ஊரில் இருந்தால் இந்நேரம் சுவர்களுக்கு வெள்ளையடித்து, பரணில் கிடக்கும் பித்தளைப் பாத்திரங்களை இறக்கிப் புளியிட்டுத் தேய்த்து, வாசலை மெழுகி வைத்திருப்போம். நாகபுரியில், இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட ரயில்வே குவார்ட்டர்ஸில் அத்தனைக்கும் இடமில்லை. ஆயினும் வீட்டைத் துலக்க வேண்டும் என்னும் ஆசை எவருக்கும் குறைவதில்லை. "துப்புரவுக்கென்று கடையில் விற்கும் புட்டிகளின் விலை கட்டுப்படியாகவில்லை, வீட்டிலேயே செய்துகொள்ள வழி உண்டா?" என்று சகோதரி ஒருவர் சென்ற மாதம் நமக்கு எழுதியிருந்தார். அவருக்கு விடை கூறுவதே இம்மாதப் பக்கத்தின் நோக்கம்.

விடை கூறுமுன் நம் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வதற்கு நமக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. இருப்பினும் மறைப்பது முறையன்று.

அலுவலகத்தில் கணக்கு எழுதிப் பழகிய கை, வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. செலவு நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். தரைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, அடுப்பு மேடைக்கு ஒன்று, அறையில் மணம் தெளிக்க ஒன்று என்று ஐந்து புட்டிகளுக்கு மாதம் 600 ரூபாய்க்குக் குறையாமல் சென்றுகொண்டிருந்தது. அதைக் குறைத்துவிடத் தீர்மானித்து, சென்ற ஆண்டு போகிக்கு முதல் நாள், மலிவான கழிப்பறை ஆசிட் ஒரு புட்டியும் பிளீச்சிங் பவுடர் ஒரு பொட்டலமும் வாங்கி வந்தோம். பீங்கானில் படிந்திருந்த உப்புக் கறையின்மீது முதலில் ஆசிட்டை ஊற்றினோம். அது போதாதென்று, அதன்மேல் பவுடரையும் தூவினோம். இரண்டு மருந்து சேர்ந்தால் இரண்டு மடங்கு பலன் என்பது நாம் போட்ட கணக்கு.

அக்கணக்குத் தப்பாயிற்று. கண்ணிமைப்பதற்குள் காரமான நெடி ஒன்று கிளம்பிற்று. கண்கள் எரிந்து நீர் வழிந்தது, மார்பு அடைத்தது. பக்கத்து அறையில் படுத்திருந்த எம் அன்னையார் இரைப்பு நோயுள்ளவர். அவருக்கு வந்த இருமல் நிற்கவே இல்லை. ஆறு வயது மகளை வாரி எடுத்துக்கொண்டு நம் இல்லத்தரசி வெளியே ஓடினார். நாம் அன்னையாரைத் தாங்கிப் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். அன்று மாலையே ஆஸ்பத்திரி. இரண்டு இரவுகள் அங்கேயே கழிந்தன. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் பொங்கல் பானை ஏறவில்லை.

அடுத்த வீட்டிலிருக்கும் மராத்தியப் பெரியவர், பள்ளியில் ரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவர், நம்மைப் பார்த்துக் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "பாபுஜி, ஆசிட்டையும் பவுடரையும் ஒன்றாகக் கலந்தீர்களா?" கழிப்பறை ஆசிட்டில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு பிறக்கும். முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டுப் போர்க்களத்தில் எதிரிகளை மாய்க்க ஏவப்பட்டது அதே வாயுதான் என்று அவர் விளக்கியபோது நாம் வாயடைத்து நின்றோம். காற்றைவிடக் கனமானதாதலால் அது தரையோடு தங்கும். சாளரமில்லாத சிறிய கழிப்பறையில் அதற்கு வெளியேற வழியே இல்லை.

ஆகவே சிக்கனத்தின் முதல் விதியாக இதை எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு பொருள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட், வினிகர், எலுமிச்சைச் சாறு இவற்றில் எதையும் சேர்க்கலாகாது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துலக்கியையும் சேர்க்கலாகாது. அதனாலும் நச்சு வாயு உண்டாகும். ஒன்றை உபயோகித்த இடத்தில் மற்றொன்றை உபயோகிக்குமுன் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

நிற்க. இனி வேண்டிய பொருள்களைப் பார்ப்போம்.

கடையில் என்ன கேட்பது?

ஊரிலிருந்து புதிதாக வந்த சகோதரிகளுக்குப் பொருள் தெரியும். இவ்வூர்க் கடையில் அதன் பெயர்தான் தெரியாது. பூந்திக்கொட்டைக்கு இங்கே 'ரீட்டா' என்று பெயர். புளியை இந்திக்காரர் 'இம்லி' என்பர். மராத்தியர் 'சிஞ்ச்' என்பர். சலவைச் சோடாவைக் 'கப்டே தோனே கா சோடா' என்று கேட்டால் கொடுப்பார்கள். வெட்டிவேர் இந்தியில் 'கஸ்', மராத்தியில் 'வாளா'. வினிகரும் சமையல் சோடாவும் எங்கும் கிடைக்கும்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு

அடுப்பு மேடையிலும் புகைபோக்கி விசிறியிலும் படியும் பிசுக்குக்குச் சலவைச் சோடாவே போதும். ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக் கரண்டி சோடாவைக் கரைத்து, துணியில் நனைத்துப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் பிசுக்கு விட்டுவிடும். விசிறியைத் துடைக்குமுன் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். கைக்கு ரப்பர் உறை அவசியம். சோடா தோலை அரிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் இது படலாகாது. பட்டால் பாத்திரம் கறுத்துப்போகும்.

முன்னாளில் பாத்திரம் துலக்கச் சாம்பல் இருந்தது. எரிவாயு அடுப்பு வந்தபின் சாம்பலுக்கு எங்கே போவது? அதன் இடத்தைப் பூந்திக்கொட்டை நிரப்பும். இருபது கொட்டைகளை உடைத்து விதையை நீக்கி, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் இருபது நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, ஆறியபின் கையால் பிசைந்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். பாத்திரத்துக்கும் தரைக்கும் பட்டுப்புடவைக்கும் கம்பளி ஆடைக்கும் ஏற்றது. வெளியில் வைத்தால் இரண்டு நாளில் புளித்துவிடும்; குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

உப்புக் கறைக்கு

நாகபுரி ஆரஞ்சுக்கு 2014ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்தை உண்டு தோலை எறிவதுதான் நம் வழக்கம். இனி எறிய வேண்டாம். ஒரு கண்ணாடிச் சாடியில் தோல்களை முக்கால் பாகம் நிரப்பி, அவை மூழ்கும்படி வெள்ளை வினிகரை ஊற்றி மூடி, இரண்டு வாரம் கழித்து வடிகட்டுங்கள். சம அளவு தண்ணீர் சேர்த்துத் தெளிப்புப் புட்டியில் வைத்துக்கொள்ளலாம். வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் குழாயிலும் பீங்கானிலும் படிந்த உப்பைக் கரைக்கும். தோலிலுள்ள எண்ணெய், பிசுக்கைக் கரைப்பதோடு நல்ல மணமும் தரும். குழாயில் உப்பு கெட்டியாகப் படிந்திருந்தால், தண்ணீர் சேர்க்காத வினிகரில் துணியை நனைத்து அரைமணி நேரம் சுற்றி வையுங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கோட்டா, ஷாஹாபாத் என்னும் இரண்டு ஊர்களும் ரயில்வேக்காரர்களாகிய நமக்கு நிலையங்களாகத் தெரியும். கொத்தனாருக்குத் தரைக் கற்களாகத் தெரியும். நம்மில் பலர் வீட்டில் பாவியிருப்பவை அவைதாம். இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை. அவற்றின்மீதும் சலவைக் கல்லின்மீதும் வினிகர், எலுமிச்சை முதலிய புளிப்புப் பொருள்கள் பட்டால் மெருகு போய்விடும். அத்தகைய தரைக்குப் பூந்திக்கொட்டை நீரே தகுந்தது.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்குவதைக் கண்டு, அது மிகவும் வேகமான மருந்து என்று பலர் எண்ணுகின்றனர். இதனால் தீங்கில்லை, பலனும் அதிகமில்லை. ஒன்றின் புளிப்பை மற்றொன்று அடக்கிவிட, எஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைந்த தண்ணீரே. தனித்தனியே உபயோகித்தால் இரண்டும் நன்றாக வேலை செய்யும்.

பித்தளைக்கும் செம்புக்கும் நம் பாட்டிமார் கண்ட புளியை வெல்ல வேறொன்றில்லை. புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைக்கிறது. சிறிது உப்புச் சேர்த்துத் தேய்த்து, உடனே கழுவி ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும்.

நாற்றத்தை மறைப்பதா, போக்குவதா?

கடையில் விற்கும் வாசனைத் தெளிப்பான், நாற்றத்தைப் போக்குவதில்லை. பெரும்பாலும் அதன்மேல் ஒரு போர்வையைப் போர்த்துகிறது. நாற்றம் எங்கிருந்து வருகிறதென்று முதலில் தேட வேண்டும். கோடை விடுமுறையில் பாஸ் எடுத்துக்கொண்டு ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பியதும், கதவைத் திறந்தால் சாக்கடை நாற்றம் வீசுவதை நாம் அறிவோம். குளியலறை வடிகாலின் வளைவில் எப்போதும் சிறிது தண்ணீர் தங்கி, கீழிருந்து வரும் வாயுவைத் தடுக்கிறது. ஆளில்லாத வீட்டில் அத்தண்ணீர் வற்றிவிடுகிறது. திரும்பி வந்ததும் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு செம்பு நீர் ஊற்றினால் நாற்றம் அடங்கும். புறப்படும் நாளில் நீரூற்றி அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெயும் விட்டால், எளிதில் வற்றாது.

கோடையில் மற்றொரு காரணம் ஏர்கூலர். தொட்டியில் பழைய நீர் தேங்கினால் நாற்றமும் வரும். டெங்குக் கொசுவும் வளரும். வாரம் ஒருமுறை தொட்டியை முழுதும் வடித்து, தேய்த்துக் கழுவி, உலரவிட்டுப் புதுநீர் நிரப்புங்கள். அதன்பின் கூலரின் முன்னே ஒரு கைப்பிடி வெட்டிவேரை மெல்லிய துணியில் முடிந்து, நனைத்துத் தொங்கவிடுங்கள். எந்த வாசனைப் புட்டியும் அதற்கு ஈடாகாது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இதை 'வெட்டிவர்' என்று நம் தமிழ்ப் பெயராலேயே அழைக்கின்றனர். குளிர்ப்பெட்டிக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் சமையல் சோடாவைத் திறந்து வைத்தால் உள்ளேயுள்ள நாற்றம் குறையும்.

சாம்பிராணிப் புகை மங்களகரமானதுதான்; ஆனால் இரைப்பு நோயாளி இருக்கும் வீட்டில் எந்தப் புகையும் ஆகாது. கற்பூரத்தையும் அந்துருண்டையையும் குழந்தைகளின் கைக்கெட்டாமல் வையுங்கள். கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். அந்துருண்டை சில குழந்தைகளின் இரத்த அணுக்களை அழிக்கும்.

இரண்டொரு வார்த்தைகள்

வினிகரும் பூந்திக்கொட்டையும் அழுக்கைப் போக்கும். எல்லா நோய்க்கிருமிகளையும் கொல்லா. வீட்டில் வாந்திபேதி கண்டால், சோப்பு நீரால் கழுவியபின், உறையில் கூறிய அளவில் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, அதைத் தனியாக உபயோகியுங்கள். சாளரத்தைத் திறந்து வைத்தே செய்யுங்கள்.

செய்து வைத்த எதையும் தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகமெடுத்த குழந்தைக்கு வேற்றுமை தெரியாது. புட்டியின்மேல் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். குழந்தை எதையேனும் விழுங்கிவிட்டால், வாந்தியெடுக்க வைக்க முயலாமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். நெடி தாக்கினால் திறந்த வெளிக்குச் செல்வதே முதல் சிகிச்சை. மூச்சுத்திணறல் இருந்தால் 108 அல்லது 112 எண்ணை அழைக்கத் தாமதிக்கலாகாது.

நம் செலவு நோட்டில் 600 ரூபாயாக இருந்த கணக்கு இப்போது ஏறத்தாழ 200 ரூபாய்க்கு வந்துவிட்டது. சென்ற ஆண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அன்னையார் நம்மிடம், "புளியும் சாம்பலுமாக நாற்பது வருஷம் வீட்டைத் துலக்கினேனே, ஒருநாளும் எனக்கு மூச்சு அடைக்கவில்லையேடா" என்றார். அதற்கு நாம் மறுமொழி கூற முடியவில்லை. இவ்வாண்டு அவரே முற்றத்து வெயிலில் அமர்ந்து, பேத்தியோடு பேசிக்கொண்டே ஆரஞ்சுத் தோலைச் சாடியில் நிரப்பிக்கொண்டிருக்கிறார். பரணிலிருந்து பொங்கல் பானையும் இறங்கிவிட்டது. அதை அவர்தான் புளியிட்டுத் தேய்ப்பாராம்.

அனைவர் இல்லத்திலும் பால் பொங்குக. அடுத்த மாதம் சந்திப்போம்.