ஜான்டி விட்ட உதை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலைப் பேருந்தில் கல்லூரிப் பெண்களின் பேச்சு சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டும்போதுகூட நிற்காது. ரசாயன நெடி உள்ளே ஏறியதும் துப்பட்டாவை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, பொத்திய துணிக்குள்ளிருந்தே மிச்சக் கதையைச் சொல்லி முடிப்பார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கதைகளில் அடிக்கடி வந்துபோனவன் ஜுன்பியோ. பெயரைக் கேட்டால் சீனாக்காரன் மாதிரி இருந்தது. கதையைக் கேட்டால் ஏவி.எம். படத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது.

அவன் ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ தொடரின் நாயகன். 2009-ல் கொரியாவின் கேபிஎஸ் 2 ஒளிபரப்பிய 25 பகுதித் தொடர் அது. 2013-ல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி, கொரியத் தொடர்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்துப் போட ஆரம்பித்தபோது நம் வீடுகளுக்குள் வந்தது. கொரியத் தொடர் என்றால் போனில் சப்டைட்டில் வைத்து, போர்வைக்குள் தனியாகப் பார்ப்பது என்று இப்போது ஆகிவிட்டது. இங்கே அது முதலில் கேபிள் வழியாகத்தான் வந்தது, பாட்டியும் பேத்தியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்கிற சமாசாரமாக. திருப்பாதிரிப்புலியூரில் என் அண்ணன் வீட்டில் அப்படித்தான் பார்த்தார்கள். ஜுன்பியோவாக நடித்த லீ மின்-ஹோவுக்கு என் அம்மா வைத்த பெயர் ‘சுருட்டத் தலையன்’.

“அத்தே, இது கொரியாக்காரங்க கதையே இல்ல. ஜப்பான் காமிக்ஸ்” என்று அண்ணன் மகள் ஒருநாள் சொன்னாள். ஸ்கூல் படிக்கும்போதே இதையெல்லாம் தோண்டித் துருவி வைத்திருந்தாள்.

அந்த காமிக்ஸ் ‘ஹனா யோரி தாங்கோ’. எழுதி வரைந்தவர் யோகோ காமியோ என்ற பெண்மணி. ‘மார்கரெட்’ என்ற, பெண்பிள்ளைகளுக்கான இதழில் 1992-ல் தொடங்கி 2003 வரை ஓடியது. 36 தொகுதிகளில் கதை முடிந்து, கொசுறாக இன்னொன்று பிறகு வந்தது. ஏறத்தாழ 6 கோடிப் பிரதிகள் விற்றிருக்கிறது. கோடீஸ்வர வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி, அங்கே தப்பித் தவறி வந்துசேர்ந்த சாதாரண வீட்டுப் பெண் மகினோ. பள்ளியையே ஆட்டிவைக்கும் நால்வர் கூட்டத்துக்கு எஃப் 4 என்று பெயர், தலைவன் தோமியோஜி. பிடிக்காதவர்களின் லாக்கரில் அவர்கள் சிவப்பு அட்டை வைப்பார்கள். வைத்த நிமிஷத்திலிருந்து பள்ளி மொத்தமும் சேர்ந்து அந்தப் பிள்ளையை வேட்டையாடும். மகினோவுக்கும் அட்டை வருகிறது. அவள் பள்ளியை விட்டு ஓடாமல் நேரே போய் அவன் மூஞ்சியில் ஒரு குத்து விடுகிறாள். அடி வாங்கியவனுக்குக் காதல் வந்துவிடுகிறது.

இப்படிச் சுருக்கினால் அபத்தமாகத்தான் இருக்கிறது. ‘காதலிக்க நேரமில்லை’யையும் சுருக்கிச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

தமிழில் காமிக்ஸ் என்றால் பையன்கள் விவகாரம். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்று சிவகாசியிலிருந்து வந்ததில் இரும்புக்கை மாயாவியும் டெக்ஸ் வில்லரும்தான் ராஜாக்கள். லயனின் முதல் இதழே 1984-ல் மாடஸ்டி பிளைசி கதை என்பது உண்மை. ஆனால் அவளும் துப்பாக்கியோடுதான் வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் வெட்கத்தையும் பொறாமையையும் கையில் காசில்லாத சங்கடத்தையும் பக்கம் பக்கமாக வரைந்து காசாக்கலாம் என்று நம் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. ஜப்பானில் ‘மார்கரெட்’ 1963 முதல் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

நமக்கு அந்த இடத்தை நாவல்களால் நிரப்பியவர் ரமணிசந்திரன். திமிர் பிடித்த பணக்காரன், சுயமரியாதையை விட்டுத்தராத ஏழைப் பெண், நடுவில் பேசித் தீர்த்திருக்கக்கூடிய ஒரு தப்பர்த்தம். பேருந்தில் பாதிப் பெண்கள் மடியில் அந்த நாவல்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. அவற்றைப் படித்து வளர்ந்த அம்மாக்களுக்கு ஜுன்பியோ யாரென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரே வித்தியாசம், ரமணிசந்திரனின் நாயகி சொல்லால் சுடுவாள். காமியோவின் நாயகி கையை ஓங்குவாள்.

காமியோவின் கதை படமானதை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் இந்தப் பக்கம் போதாது. 1995-ல் ஜப்பானிலேயே ஒரு சினிமா, மறுவருஷம் தோயெய் நிறுவனத்தின் அனிமே 51 பகுதிகள். கதையை ஆசியா முழுக்கத் தூக்கிக்கொண்டு போனது 2001-ல் தைவான்காரர்கள் எடுத்த ‘மீட்டியர் கார்டன்’. பிலிப்பைன்ஸில் தகலோக் குரல் கொடுத்துப் போட்டபோது நாடே பைத்தியமானது. சீனாவில் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று தடை போட்டார்கள். அந்தத் தைவான் தொடரில் நாயகியாக நடித்த பார்பி ஷு, 2025 பிப்ரவரியில் ஜப்பானுக்குச் சுற்றுலா போன இடத்தில் ஃபுளூ வந்து நிமோனியாவாகி இறந்துபோனார். அண்ணன் மகள் அன்று முழுக்க வாட்ஸப்பில் அவர் படத்தையே வைத்திருந்தாள்.

கதையின் சொந்த நாட்டுக்காரர்களான ஜப்பானியர்கள் மெதுவாக விழித்துக்கொண்டு 2005-ல்தான் நடிகர்களை வைத்துத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். முதல் சீசன் ஒன்பதே பகுதி. மகினோவாக வரும் மாவோ இனோவே முகத்தைச் சுளிப்பதும் தலைதெறிக்க ஓடுவதும் காமிக்ஸ் கட்டத்திலிருந்து எழுந்துவந்தது போலவே இருக்கும். காதல் நகைச்சுவையில் காதல் தானாக வந்துவிடும், நகைச்சுவைக்குத்தான் ஆள் வேண்டும். என் ஓட்டு இந்தத் தொடருக்கு.

அண்ணன் வீட்டில் என் கட்சிக்கு ஆளில்லை. அங்கே எல்லோரும் கொரியா. காரணம் புரியாமலில்லை. கொரியாக்காரர்கள் நாயகி ஜான்டியின் அப்பாவுக்கு ஒரு டிரை கிளீனிங் கடை வைத்துக் கொடுத்தார்கள். நாயகனின் அம்மாவை, ஷின்ஹ்வா என்ற பெரிய வியாபாரக் குழுமத்தின் தலைவியை, ஒரு முழுநேர வில்லியாக்கினார்கள். நம் சீரியல் மாமியார்கள் அவளிடம் டியூஷன் போக வேண்டும். மகனை விட்டு விலகச் சொல்லிப் பணத்தோடு அவள் ஜான்டியின் வீட்டுக்கே வருகிறாள். ஜான்டியின் அம்மா, அதுவரை பணக்கார மாப்பிள்ளை கிடைக்க வேண்டுமே என்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தவள், உப்பை எடுத்துவந்து அந்தச் சீமாட்டியின் தலையில் கொட்டுகிறாள். தீயது அண்டாமலிருக்க உப்பு எறிவது அவர்கள் வழக்கம். திருஷ்டிக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிற என் அம்மாவுக்கு அடிக்குறிப்பு தேவைப்படவில்லை. கை தட்டினார்.

தமிழ் சினிமாவில் திமிர் என்பது பெண்ணிடம் இருக்கும், ஆண் அதை அடக்குவான். ‘பட்டிக்காடா பட்டணமா’ முதல் ‘மன்னன்’ வரை அதுதான் சூத்திரம். ‘மன்னன்’ விஜயசாந்தி ஒரு தொழிற்சாலையையே நடத்துகிறவர், கடைசியில் வீட்டோடு உட்காரவைத்துத்தான் விடுகிறார்கள். ‘படையப்பா’ நீலாம்பரிக்கு அதுகூட இல்லை, சாவுதான். படித்த பெண், பணக்காரப் பெண், குரல் உயர்த்திப் பேசுகிற பெண், எல்லோருக்கும் தியேட்டரில் கைதட்டலோடு ஒரு பாடம் காத்திருக்கும். இதைப் பார்த்து வளர்ந்த வீட்டில் திடீரென்று ஒரு லாண்டரிக் கடைப் பெண் பறந்து வந்து கோடீஸ்வரனை உதைக்கிறாள். அவன் விழுகிறான். எழுந்தவன் அவளை அடக்கக் கிளம்பவில்லை, அவளுக்குத் தன்னை எப்படிப் பிடிக்கவைப்பது என்று மண்டையைக் குடைந்துகொள்கிறான். பிள்ளைகள் லீ மின்-ஹோவின் மூக்கையும் முழியையும் பார்த்து மயங்கினார்கள் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். அந்த உதையை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜுன்பியோவைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவதில் எனக்கு இஷ்டமில்லை. ஆளைவிட்டு அவளைக் காரில் தூக்கிவரச் செய்து, அலங்காரம் பண்ணி, தன் மாளிகையைச் சுற்றிக்காட்டுகிறவன் அவன். இதையே நம் ஊரில் ஒருவன் செய்தால் மகளிர் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அதைவிட எனக்கு உறுத்துவது சிவப்பு அட்டை. கொரியத் தொடரின் முதல் பகுதியில் அட்டை வாங்கிய மாணவன் ஒருவன் அடிபட்டு ரத்தம் வழிய மாடி விளிம்பில் நிற்கிறான். துணி கொடுக்க வந்த ஜான்டி எட்டிப் பிடித்துவிடுகிறாள். அந்த வீரத்துக்குப் பரிசாகத்தான் அவளுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைக்கிறது. அதன்பின் தொடர் பெரும்பாலும் காதலைப் பார்க்கப் போய்விடுகிறது.

ஜப்பானில் அந்த அனிமே வாராவாரம் ஓடிக்கொண்டிருந்த 1996 நவம்பரில், சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாம் ஆண்டு மாணவர் நாவரசு, சீனியர் மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். ராகிங்கைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-ல் வந்தது அதற்குப் பிறகுதான். ஹாஸ்டலில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட பெற்றோர், சாப்பாடு எப்படி என்று கேட்பதற்கு முன்னால் ராகிங் உண்டா என்று கேட்ட காலம் எங்களுக்கு நினைவிருக்கிறது. சிதம்பரத்துக்காரர்களுக்குச் சிவப்பு அட்டையைப் பார்த்துச் சிரிப்பு வருவது கொஞ்சம் கஷ்டம். 2021 கடைசியில் தாய்லாந்தில் இதே கதையை மறுபடி எடுத்தவர்களுக்கு இது உறைத்திருக்க வேண்டும். அட்டை வாங்கிய பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்பதில் கொஞ்சம் நின்று பார்க்கிறார்கள். சிரிப்பு குறைந்துவிட்டது. குறைந்தால் குறையட்டும்.

இந்தியாவிலும் ஒரு முயற்சி நடந்தது. 2014-ல் எம்டிவி ஹிந்தியில் ‘கைசி யே யாரியான்’ என்று, கதையைத் தளர்வாக எடுத்துக்கொண்டு, மும்பைக் கல்லூரியில் கிட்டாரும் கையுமாகப் பாடித் திரிகிற பிள்ளைகளை வைத்து எடுத்தது. ரசிகர்கள் ஏராளம். தமிழில் யாரும் தொடவில்லை. தொட்டால் முதலில் இடிக்கப்போவது அந்த டிரை கிளீனிங் கடை. கொரியாவில் அது குறைந்த வருமானம் உள்ள ஒரு தொழில், அவ்வளவுதான். இங்கே துணி வெளுக்கிற வீட்டுப் பெண் என்று சொன்ன மாத்திரத்தில் யாரும் வருமானத்தைக் கேட்கமாட்டார்கள்.

டோக்கியோ, தைபே, சோல், பாங்காக் என்று எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கதையில் காதலர்களுக்கு நடுவே நிற்பது பணம். அதை ஏறிக் குதிக்கலாம். குதிக்கும்போது தடுக்கி விழலாம், பார்க்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் மாவட்டத்துக் காதல் கதை ஒன்றில் பையன் பொறியியல் பட்டதாரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். பெண்ணும் சிதம்பரத்தில் படித்தவர்தான். 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். பையன் முருகேசன், தலித். பெண் கண்ணகி, வன்னியர். இரண்டே மாதத்தில், விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையில், இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று சொல்ல 2021 ஆனது. அதில் இருவர் காவல் துறையினர்.

இந்த ஊர்ப் பெண்கள் இது எதுவும் தெரியாமல் ஜுன்பியோவைப் பார்த்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. எந்தப் பையனோடு பஸ் ஸ்டாண்டில் நின்று பேசலாம், எவனோடு பேசினால் வீட்டுக்குச் சேதி போய்விடும் என்பதெல்லாம் எட்டாம் வகுப்பிலேயே அவர்களுக்கு அத்துப்படி. அம்மாவே வந்து தடுத்தாலும் யாரும் யாரையும் கொல்லாத ஒரு ஊரில் நடக்கிற காதலை, சாயங்காலம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து சிரித்துப் பார்த்தார்கள்.

அண்ணன் மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். தாய்லாந்துத் தொடரையும் பார்த்து முடித்துவிட்டாள். தமிழில் எடுத்தால் யாரைப் போடலாம் என்று கேட்டேன். ஜான்டி வேஷத்துக்கு உடனே ஒரு பெயர் சொன்னாள், அம்மா வேஷத்துக்கு ராதிகாதான் என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா ஓடாது அத்தே” என்றாள். “பொண்ணு வீட்டுக்காரங்க எந்த ஆளுங்கன்னு முதல் எபிசோட்லயே கேட்டுருவாங்க. மிச்சம் இருவத்தி நாலு எபிசோடுக்கு என்ன பண்றது?”