மாத்திரை விற்கிறவரின் கணக்கு

1945-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் 77 உணவுப்பொருள்களை எடுத்துக்கொண்டு, ஒரு மனிதருக்கு வேண்டிய 9 சத்துகளும் குறையாமல் ஓராண்டு சாப்பிட மிகக் குறைந்த செலவு என்ன என்று தேடினார். கோதுமை மாவு, முட்டைக்கோசு, பசலை என்று தட்டைச் சுருக்கிச் சுருக்கி, 1939-ஆம் ஆண்டு விலையில் 39.93 டாலரில் வந்து நின்றார். இன்னும் கீழே போகலாமா? சொல்ல அவரிடம் வழியில்லை. 1947-இல் டான்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் முறையில் 9 எழுத்தர்கள் கைக் கணக்குப்பொறிகளோடு 120 ஆள்நாள் உழைத்துக் கண்ட விடை 39.69.

வெறும் 24 சென்ட். ஸ்டிக்லரின் ஊகம் அபாரம்தான்; ஆனால் அது அவருக்கே தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. சத்துக்கு ஒன்றாக மாத்திரை விற்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த உணவானாலும், அதிலுள்ள சத்துகளின் மாத்திரை விலை அந்த உணவின் விலையைத் தாண்டக்கூடாது. அவருக்குள்ள கட்டுப்பாடு அவ்வளவே. அந்த விலையில் ஓராண்டுத் தேவைக்கு ஆகும் தொகைக்குக் கீழே எந்தச் சாப்பாடும் இறங்காது. 39.60 தருகிற ஒரு விலைப்பட்டியல் கையில் இருந்திருந்தால், தன் பிழை 33 சென்ட்டுக்கு மேல் போகாது என்று ஸ்டிக்லர் அன்றே எழுதியிருக்கலாம். பட்டியலை எவ்வளவு திருத்தினாலும் தொகை 39.69-இல் முட்டி நிற்கும்.

நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் பல இன்னும் ஸ்டிக்லர் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. முந்தைய முறையைவிட மேல் என்கிறார்கள். உகந்த விடைக்கு எவ்வளவு தூரம் என்பதில்லை. கணக்கைத் தீர்க்கும் மென்பொருளான சால்வர் கூடவே தரும் இருமை மதிப்புகளை, அதாவது அந்த மாத்திரை விலைகளை, யாரும் திறந்தே பார்ப்பதில்லை. இனி, கண்ட விடைக்கும் அந்த மதிப்புகள் தரும் எல்லைக்கும் உள்ள இருமை இடைவெளியைக் காட்டாத அட்டவணையைத் திருப்பி அனுப்பலாம் என்று மதிப்பாய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

குவிவுச் சிக்கல்தானே, இடைவெளி தானே மூடிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. நேரியலில் கவலையில்லை. அரைநேர்ம அணிகளுக்கு வந்தால், எல்லாச் சமனின்மைகளையும் சமன் ஆகாமல் கண்டிப்பாக நிறைவேற்றும் ஒரு புள்ளியாவது வேண்டும் என்ற ஸ்லேட்டர் நிபந்தனை பொய்த்துப்போகலாம். சமன்பாடு ஒன்று சமனின்மைகளுக்குள் ஒளிந்திருந்தால் போதும்: இருமை மாறிகள் வீங்கிக்கொண்டே போகும், சால்வர் திணறும், பழி சால்வர்மேல் விழும். மாதிரியைத் திறந்து அந்தச் சமன்பாட்டைத் தேடுங்கள்.

இருமை மதிப்பையே வளத்தின் நிழல் விலை என்று வெளியிடுகிறவர்களுக்கும் ஒன்று. உகந்த புள்ளி சிதைந்த நிலையில் இருந்தால் ஒரே வளத்துக்குப் பல விலைகள் பொருந்தலாம். சால்வர் அவற்றில் ஒன்றைத்தான் கையில் தருகிறது. மின்சந்தையில் அந்த எண்ணை வைத்துத்தான் பணம் கைமாறுகிறது.