20 ஜூலுக்கு யார் சாட்சி?

ஹைதராபாத்தில் ஏர் ரைஃபிள் வாங்கக் கடைக்குப் போகும் இளைஞர் முதலில் கேட்பது விலை. இரண்டாவது கேள்வி, "லைசென்ஸ் வேண்டுமா?" வேண்டாம் என்பார் கடைக்காரர். பெரும்பாலும் அது சரியான பதில்தான். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், குழல் வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. அந்தக் கோட்டைத் தாண்டிய துப்பாக்கியை உரிமமில்லாமல் வைத்திருப்பது குற்றம். விட்டத்தை யாரும் அளந்துவிடலாம். ஆற்றலை எப்படி அளப்பது?

கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக் காட்டுவார். வினாடிக்கு 1000 அடி என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். அதாவது 305 மீட்டர். இந்த எண் விற்பனைக்கு உதவும்; சட்டத்துக்கு உதவாது. ஏனெனில் ஆற்றல் என்பது வேகம் மட்டுமல்ல, எடையும் சேர்ந்தது. 0.33 கிராம் எடையுள்ள, ஈயமில்லாத உலோகக் கலவை பெல்லட் அந்த வேகத்தில் போனால் ஆற்றல் 15 ஜூல். வழக்கமான 0.53 கிராம் ஈய பெல்லட் அதே வேகத்தில் போனால் 24 ஜூலைத் தாண்டும். ஒரே எண், ஒன்று சட்டத்துக்கு உள்ளே, மற்றது வெளியே. வேகத்தைப் பெரிதாகக் காட்ட விரும்பும் தயாரிப்பாளர்கள் எடை குறைந்த பெல்லட்டைப் போட்டுச் சோதிப்பது உலகம் அறிந்த வியாபாரத் தந்திரம்.

0.53 கிராம் பெல்லட்டுக்கு 20 ஜூல் என்பது வினாடிக்குச் சுமார் 275 மீட்டர் வேகம். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வேகம் அளக்கும் கருவி இரண்டு சதவீதம் தவறினால், ஆற்றல் கணக்கு நான்கு சதவீதம் தவறும், வேகத்தின் வர்க்கத்தைப் பெருக்குவதால். உண்மையில் 20 ஜூலில் சுடும் துப்பாக்கியை ஒரு கருவி 19.2 என்று விடுவிக்கும், இன்னொன்று 20.8 என்று மாட்டிவிடும். குரோனோகிராஃப் என்ற இந்தக் கருவியை வாங்குவது பொழுதுபோக்குக்காரரின் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போகிற ஒன்றை அளக்க முடியும் என்று காட்டிய மனிதரின் கதை தமிழ்நாட்டில் முடிகிறது என்பது பலருக்குத் தெரியாது. பெஞ்சமின் ராபின்ஸ் இங்கிலாந்தின் பாத் நகரில் 1707-இல் பிறந்தவர், கணித வித்வான். 1742-இல் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் விவரித்த கருவி ஏறக்குறைய ஊஞ்சல் போன்றது. கனமான மரக்கட்டையைத் தொங்கவிட்டு அதில் சுட வேண்டும். குண்டு கட்டைக்குள் புதைந்துவிடும். கட்டை பின்னால் ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதை, அதில் கட்டிய ஒரு நாடா எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். குண்டின் எடை, கட்டையின் எடை, கட்டை தொங்கும் நீளம், ஆடிய தூரம்: இவை போதும், வேகம் வந்துவிடும். கடிகாரமே வேண்டாம்.

அந்த ஊஞ்சல் சொன்ன செய்தி அன்றைய நிபுணர்களைத் திடுக்கிட வைத்தது. காற்று குண்டை அவ்வளவாகத் தடுக்காது, அது அழகான பரவளையப் பாதையில் போகும் என்று நம்பியிருந்தார்கள். வேகமாகப் போகும் குண்டைக் காற்று அதன் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேலான விசையால் எதிர்க்கிறது என்றது ராபின்ஸின் கணக்கு. கணிதமேதை ஆய்லர் 1745-இல் இந்த நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்தார் என்பது அடக்கமான சொல். அவர் சேர்த்த விளக்கவுரையில் மூலம் பல மடங்கு பெருத்துவிட்டது. பிற்பாடு, 1777-இல், அந்த ஜெர்மன் நூலையே ஆங்கிலத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மூலத்தைவிட உரை பெரிதாவது நம் ஊர்ப் புலவர்களுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல.

கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைத் தன் தலைமைப் பொறியாளராக்கி, கோட்டைகளைப் பலப்படுத்தச் சோழமண்டலக் கரைக்கு அனுப்பியது. வந்தது 1750-இல். மறு ஆண்டு ஜூலை 29-இல், கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில், 44 வயதில் காய்ச்சலில் போய்விட்டார். அடுத்த நூற்றாண்டில், 1860-களில், பெல்ஜிய ராணுவ அதிகாரி லெ பூலாஞ்சே ஊஞ்சலுக்கு ஓய்வு கொடுத்தார். குண்டு முதல் கம்பியை அறுத்ததும் ஒரு மின்காந்தம் தன் பிடியை விடும், ஒரு தண்டு விழத் தொடங்கும். இரண்டாவது கம்பி அறுந்ததும் ஒரு கத்தி விழும் தண்டில் கீறல் போடும். கீறலின் உயரமே நேரம். புவியீர்ப்பே அவருடைய கடிகாரம்.

இன்று கம்பியும் கத்தியும் இல்லை. ஆனால் குண்டு ஓர் இடத்தைக் கடக்கும் கணத்தையும் இன்னோர் இடத்தைக் கடக்கும் கணத்தையும் குறித்துக்கொள்ளும் அடிப்படை மாறவில்லை. ஒளிக் குரோனோகிராஃபில் இரண்டு ஒளிக்கண்கள். குண்டின் நிழல் முதல் கண்ணில் விழும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதில் நிற்கும். கண்களுக்கு இடையே 30 சென்டிமீட்டர் என்றால், வினாடிக்கு 300 மீட்டரில் போகும் குண்டுக்கு அது ஆயிரத்தில் ஒரு வினாடி. இவ்வளவு நுட்பமான நேரத்தை அளப்பது இன்றைய மின்னணுவியலுக்குப் பெரிய காரியமில்லை. தவறு வருவது வேறு இடங்களில்.

ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் கச்சிபௌலிப் பக்கம் இருக்கும் துப்பாக்கி சுடும் களம் போன்ற இடத்தில் இதை ஏப்ரல் மாத மத்தியானத்தில் வைத்துப் பாருங்கள். மேகமில்லாத வானம், உச்சி வெயில் நேராகக் கண்ணுக்குள் இறங்குகிறது. குண்டின் மெல்லிய நிழல் அந்த வெளிச்சத்தில் கரைந்துபோகும். கருவி சும்மா இருக்கும், அல்லது பொருந்தாத ஓர் எண்ணைச் சொல்லும். அதற்காகத்தான் மேலே வெள்ளைத் தகடு பொருத்துகிறார்கள். சரி, உள்ளரங்குக்குப் போகலாம் என்றால் அங்கே டியூப்லைட். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. மனிதக் கண் ஏமாறும், ஒளிக்கண் ஏமாறாது. ஒவ்வொரு துடிப்பையும் குண்டு என்று எண்ணிவிடக்கூடும். வெடிமருந்துத் துப்பாக்கி என்றால் குழல் வாயிலிருந்து வரும் அதிர்வும் புகையும் வேறு. கருவியை மூன்று மீட்டராவது தள்ளி வைக்காவிட்டால் குண்டுக்கு முன்னே புகையை அளந்துவிடும்.

மடித்து விரிக்கும் வகைக் கருவிகளில் இன்னொரு வம்பு. சட்டம் முழுதாக விரியாமல் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால்கூட வேகம் 0.3 சதவீதம் கூடுதலாகத் தெரியும். கருவி சாய்ந்திருந்து குண்டு 5 டிகிரி கோணலாகக் கடந்தால், பாதை நீண்டு, வேகம் 0.4 சதவீதம் குறைவாகத் தெரியும். சின்னச் சின்னத் தவறுகள்தான். 19.9 ஜூல் என்று மார்தட்டுகிறவர் இவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஓலர் நிறுவனம் இதற்குக் கண்ட வழி நேர்மையானது. இரண்டுக்குப் பதில் மூன்று கண்கள். ஒரே குண்டு இரண்டு தனிக் கணக்குகளாகப் பதிவாகும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கருவியே சந்தேகத்தைத் தெரிவிக்கும். தன்னைத் தானே சந்தேகிக்கும் கருவிகள் இன்றும் அபூர்வம்.

ராடார் வந்த பிறகு வெயில் தொல்லை ஒழிந்தது. சாலையில் போக்குவரத்துப் போலீசார் பிடிக்கும் அதே டாப்ளர் தத்துவம். கனடாவிலிருந்து லேப்ராடார் 2015 வாக்கில் வந்தது. கைக்குள் அடங்கும் கார்மின் ஸீரோ 2023-இல் வந்தது. குழலுக்கு முன்னால் எதையும் வைக்க வேண்டியதில்லை, குண்டு பட்டுக் கருவி உடையும் பயமும் இல்லை. ஆனால் லேப்ராடார் வழக்கமாக வெடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் விழிக்கும். பக்கத்துத் தடத்தில் ஒருவர் சுட்டால் அதற்கும் விழித்துக்கொள்ளும். சத்தமில்லாத ஏர் ரைஃபிளுக்கு உறங்கிக்கொண்டிருக்கும், தனி உணர்வி வைத்துத்தான் எழுப்ப வேண்டும். குழலிலேயே கட்டிவிடும் காந்தக் கருவி ஒன்றும் உண்டு. அந்தக் கூடுதல் எடை குழலின் அதிர்வை மாற்றுவதால், வேகத்தையும் குறியையும் ஒரே நேரத்தில் சோதிக்க நினைப்பவருக்கு அது பயன்படாது.

அமெரிக்காவில் இந்தக் கருவிகளை வாங்குபவர்களில் பெரும்பகுதியினர், சுட்ட தோட்டாக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் அடைத்துக்கொள்பவர்கள். அவர்களுக்கு இது பாதுகாப்புக் கருவி. வேகம் எதிர்பாராமல் ஏறினால் குழலுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இந்தியாவில் இது வீட்டு மேஜையில் செய்யும் வேலை அல்ல. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடுக்கிறது. தவிர, போட்டியாளர்கள் அதிகம் சுடும் 0.22 தோட்டாவின் விளிம்பிலேயே தீப்பொறி மருந்து இருப்பதால், அதை மறுபடி அடைப்பது நடைமுறையில் ஆகாத காரியம்.

பிறகு ஹைதராபாத் வீரருக்குக் குரோனோகிராஃப் எதற்கு? தோட்டாவைத் தேர்ந்தெடுக்க. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஆனால் தயாரித்த தொகுதிக்குத் தொகுதி குணம் மாறும். 50 மீட்டர் தூரத்தில் ஒரு குண்டு வினாடிக்கு 325 மீட்டரிலும் அடுத்தது 335 மீட்டரிலும் போனால், விழும் இடத்தில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வித்தியாசம். அந்தப் போட்டியின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். கை நடுங்காமல், மூச்சை அடக்கி, சரியாகக் குறிவைத்தவர் தோட்டாவால் தோற்பார்.

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் கணக்கு இன்னும் கறார். பத்தின் புள்ளி அரை மில்லிமீட்டர். சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 701.1 புள்ளியில் வெண்கலம் வாங்கினார். வெள்ளி வாங்கியவர் 701.5. எழுபது குண்டுகளுக்குப் பிறகு 0.4 புள்ளி இடைவெளி. தசமக் கணக்கில், ஒரு குண்டில் ஒரு மில்லிமீட்டர். வினாடிக்கு 170 மீட்டரில் போகும் பெல்லட் இரண்டு மீட்டர் வேகம் கூடினால் 10 மீட்டரில் 0.4 மில்லிமீட்டர் மேலே போகும். ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் 2023-இல் நான்கு பதக்கங்களுடன் திரும்பிய ஈஷா சிங்கின் ஊரில், பெற்றோர் கடன் வாங்கிப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும்போது, டப்பாவுக்கு டப்பா பெல்லட்டின் வேகம் சீராக இருக்கிறதா என்று பார்ப்பது வீண் செலவாகாது.

ஆனால் நல்ல கருவியை வாங்கிவிட்டு ஐந்தே ஐந்து குண்டு சுட்டு முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். ஐந்து குண்டுகளின் வேகச் சிதறல் வினாடிக்கு 3 மீட்டர் என்று கருவி காட்டினால், உண்மையான சிதறல் 1.8-ஆகவும் இருக்கலாம், 8.6-ஆகவும் இருக்கலாம். இது கருவியின் கோளாறு அல்ல, புள்ளியியல். முப்பது குண்டு சுட்டால் அந்த வீச்சு 2.4-க்கும் 4-க்கும் இடையில் அடங்கும். தோட்டா விலையைப் பார்த்தால் முப்பது கசக்கத்தான் செய்யும். கசந்தாலும் ஐந்தை வைத்து ஒரு தொகுதியை வாங்குவது சூதாட்டம். வெடிமருந்துத் தோட்டா என்றால் வெப்பத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஹைதராபாத் மே மாதத்தில் வெயிலில் நின்ற காருக்குள் கிடந்த தோட்டாவும் குளிரூட்டிய அறையில் இருந்த தோட்டாவும் ஒரே வேகத்தில் போகாது.

எதை வாங்குவது? ஏர் ரைஃபிள் மட்டும் வைத்திருப்பவருக்கு, சொந்தமாக அகச்சிவப்பு விளக்கு கொண்ட, மூடிய சிறு பெட்டி போதும். வெயிலும் டியூப்லைட்டும் அதை அசைக்காது. வெடிமருந்துத் துப்பாக்கிக்கு அதைப் பயன்படுத்தினால் முதல் குண்டிலேயே உடையலாம். 0.22-க்கு மேலே போகிறவர்களுக்கு ராடார்தான். அதை ஆளுக்கொன்று வாங்குவதைவிட கிளப்புக்கு ஒன்று வாங்குவது புத்திசாலித்தனம். எந்தக் கருவியானாலும், ஒரே துப்பாக்கி, ஒரே டப்பா பெல்லட், மாதம் ஒருமுறை பத்துக் குண்டு என்று சுட்டு நோட்டில் எழுதிவைத்தால், எண் நகரும்போது நகர்ந்தது கருவியா துப்பாக்கியா என்று சந்தேகிக்கவாவது ஓர் ஆதாரம் இருக்கும். இரண்டு கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஒரே குண்டை இரண்டிலும் அளப்பது இன்னும் நல்லது.

20 ஜூல் கோட்டின் விளிம்பில் நிற்கும் துப்பாக்கி ஒருநாள் போலீசிடம் சிக்கினால், அது ராமாந்தபூரில் இருக்கும் மத்திய தடயவியல் ஆய்வகம் போன்ற ஒரு மேஜைக்குப் போகும். அங்கே எந்த பெல்லட்டைப் போட்டுச் சுட்டார்கள், அதன் எடை என்ன, எத்தனை முறை சுட்டார்கள், வேகம் அளந்த கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று கேட்க வக்கீலுக்கு உரிமை உண்டு. துப்பாக்கிக்காரர் தன் நோட்டை எடுத்து நீட்டினால், அதே நான்கு கேள்விகளை அரசுத் தரப்பு வக்கீலும் கேட்பார்.